சாளரங்களில் எழுதிய பெயர்கள்

டில்லி மாநகரில் நெடுநாள் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 'அப்பு கர்' என்ற பெயரை நினைவூட்ட வேண்டியதில்லை. 1982ஆம் வருஷத்து ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் சின்னமாக விளங்கிய அப்பு என்னும் யானைக் குட்டியின் பெயரால், பிரகதி மைதானத்தை ஒட்டி 1984 நவம்பர் 19ஆம் நாள் திறக்கப்பட்ட கேளிக்கைப் பூங்கா அது. 2008 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. கரோல்பாகிலிருந்தும் ராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் கட்டுச்சாதத்துடன் பஸ் ஏறி அங்கே சென்ற குழந்தைகள் இன்று நடுவயதினர். அவர்களிடம் அப்பு கரைப் பற்றிப் பேச்செடுத்தால் முகம் மலர்கிறது. ஆனால் அதன் ராட்டினங்களை அமைத்த கைகள் யாருடையவை என்று கேட்டுப் பாருங்கள். நம்மில் எவருக்கும் விடை தெரியாது. கேட்க வேண்டுமென்றே நமக்குத் தோன்றியதில்லை.

அந்தக் கேள்வியை மட்டுமே கேட்பதற்காக மக்கள் பணம் கட்டி, ஹோட்டலில் அறை எடுத்து, இரண்டு மூன்று நாட்கள் கூடுகிற வழக்கம் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலத்தின் அனஹைம் நகரில் அத்தகைய ரசிகர் மாநாடுகள் பல நடந்திருக்கின்றன. அங்கே பணியாற்றும் மக்களையோ மருமக்களையோ பார்க்கச் செல்லும் பெற்றோர் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவை ஒரு நாள் சுற்றிவிட்டுக் கால்வலியுடன் திரும்புவது சாதாரணமாக நடப்பது. அதே ஊரில் அப்பூங்காவின் சரித்திரத்தைக் கேட்பதற்கென்று ஒரு கூட்டம் கூடுவதையும் அவர்கள் அறிந்திருந்தால் நலம்.

முதலில், இவ்வகைப் பூங்கா மற்றக் கேளிக்கைத் திடல்களிலிருந்து வேறுபடுவது எவ்வாறு என்று பார்ப்போம். நம் ஊர்த் திருவிழாத் திடலில் ராட்டினம் ஒரு புறம், மரணக் கிணறு ஒரு புறம், மிட்டாய்க் கடை ஒரு புறம் இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. அமெரிக்காவின் பழைய கேளிக்கைத் திடல்களும் இவ்வாறுதான் இருந்தன. டிஸ்னிலாந்திலோ, ஒரு பகுதிக்குள் நுழைந்தால் கட்டிடம், செடி கொடி, ஊழியரின் உடை, காதில் விழும் சங்கீதம், குப்பைத்தொட்டி உள்பட யாவும் ஒரே கதையைச் சொல்லும். சினிமாக் காட்சிகளை நிர்மாணிக்கும் கலை இயக்குநர்கள் பலர் இந்தப் பூங்காவை வரைந்தார்கள். கடைத்தெருவின் கட்டிடங்களில் கீழ்த்தளத்தைவிட மேல்தளங்களைச் சிறியனவாகக் கட்டி, உயரமானவை போன்ற தோற்றத்தை உண்டாக்கியது ஸ்டூடியோவில் அவர்கள் கையாண்ட தந்திரமே.

இப்பூங்கா பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திரைப்படத் தயாரிப்பாளர் வால்ட் டிஸ்னி 1952இல் தம் பூங்காக் கனவுக்கெனத் தனியே ஒரு நிறுவனத்தை அமைத்தார். எந்த இடத்தில் கட்டுவது என்பதை 1953இல் ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹாரிஸன் பிரைஸ் என்பவர் ஜனத்தொகையின் போக்கையும் வரவிருந்த நெடுஞ்சாலையின் தடத்தையும் கணக்கிட்டுச் சொன்னார். அனஹைமில் 160 ஏக்கர் ஆரஞ்சுத் தோட்டம் வாங்கப்பட்டது. 1954 ஜூலையில் வேலை தொடங்கி, ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில், ஒரே வருஷத்தில் முடிந்தது. 1955 ஜூலை 17ஆம் நாள் பூங்கா திறக்கப்பட்டது. திறப்பு விழாவன்று புதுத் தார் இளகிச் சீமாட்டிகளின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குழாய் வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால், குடிநீர்க் குழாயா, கழிப்பறையா, எதை முதலில் முடிப்பது என்று முடிவெடுக்க நேர்ந்தது, கழிப்பறையே வென்றது. கள்ள டிக்கெட்டுகளுடன் ஆயிரக்கணக்கானோர் உள்ளே புகுந்தார்கள்.

இவையெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். புத்தகத்தில் எளிதில் கிடைக்காத விஷயத்திற்காகத்தான் ரசிகர்கள் கூடுகிறார்கள். திரைப்படம் தொடங்கும்போது கதை இன்னார், ஒளிப்பதிவு இன்னார் என்று பெயர்ப்பட்டியல் ஓடுகிறது. ராட்டினத்திற்கு அத்தகைய பட்டியல் கிடையாது. வாயிற்பலகையில் ஒருவர் பெயர்தான் இருக்கும். நூற்றுக்கணக்கான ஓவியர்கள், தச்சர்கள், யந்திரப் பொறியாளர்கள், தோட்டக் கலைஞர்கள், தையற்காரிகள் உழைத்த உழைப்பு முழுவதும் அந்த ஒரு பெயருக்குள் மறைந்து போயிற்று. வாழ்நாள் முழுவதும் பூங்காவை நேசித்த ரசிகனும் அவர்களில் ஒருவர் பெயரைக்கூட அறியாமல் இருந்திருக்கலாம்.

பூங்காவினுள்ளேயே இதற்கு ஒரு சிறு பரிகாரம் இருக்கிறது. வாயிலைக் கடந்ததும் வரும் கடைத்தெருவின் மாடிச் சாளரங்களில், பழங்காலக் கடை விளம்பரம்போலச் சில பெயர்கள் எழுதப்பட்டிருக்கும். இன்னார் வைத்தியர், இன்னார் வண்டி பழுது பார்ப்பவர் என்றவாறு வேடிக்கையாக இருக்கும் அவற்றில் பெரும்பாலானவை பூங்காவை உருவாக்கியவர்களின் உண்மைப் பெயர்கள். கீழே ஐஸ்கிரீம் கையுமாகச் செல்லும் கூட்டத்தில் நிமிர்ந்து பார்ப்பவர் மிகச் சிலரே. அவ்வாறு நிமிர்ந்து பார்த்து, இவர் யார் என்று வினவத் தொடங்கிய சிலரே இந்த மாநாடுகளை வளர்த்தார்கள் என்று கூறினால் அது பெரும் மிகையாகாது.

1984ஆம் வருஷத்தில் இத்தகைய ரசிகர்கள் தேசிய அளவில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதன் மாநாடுகள் அனஹைமில் கூடின. 1986இல் இரு சகோதரர்கள் 'தி ஈ டிக்கெட்' என்ற பத்திரிகையைத் தொடங்கி, பூங்காவை அமைத்த முதியோரைத் தேடிச் சென்று பேட்டி கண்டார்கள்; அது 2009 வரை வெளிவந்தது. அந்தப் பெயருக்கு ஒரு கதை உண்டு. பழைய நாட்களில் பூங்காவிற்குள் ஒவ்வொரு சவாரிக்கும் தனித்தனிச் சீட்டு. சீட்டுக்களைப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். 'ஏ' சீட்டு குதிரை வண்டி போன்ற சாதாரண சவாரிக்கு. 1959இல் வந்த 'ஈ' சீட்டு மிகச் சிறந்த சவாரிகளுக்கு. 1982இல் சீட்டு முறையே ஒழிந்தது. ஆயினும் சொல் ஒழியவில்லை. 1983இல் விண்வெளி சென்ற முதல் அமெரிக்கப் பெண்மணி ஸாலி ரைட், தம் ராக்கெட் பயணத்தை 'ஈ டிக்கெட்' சவாரி என்றே வருணித்தார். குழந்தைகள் 'ஈ' சீட்டை முதலில் செலவழித்துவிட்டு 'ஏ' சீட்டை வீட்டிற்குக் கொண்டுபோனமையால், மாநாட்டு மேசைகளில் 'ஏ' சீட்டுகள் மலிந்து கிடக்கும்.

மாநாட்டிற்குச் செல்பவர் முதலில் காண்பது இந்த மேசைகளைத்தான். பழைய வரைபடங்கள், தபால் அட்டைகள், ஊழியரின் பெயர்ப் பட்டைகள், நின்றுபோன சவாரிகளின் விளம்பரத் தட்டிகள் யாவும் விலைக்கு இருக்கும். இதிலே பித்துப் பிடித்தவர்களும் உண்டு. சட்டையில் குத்தும் ஊசிச் சின்னத்திற்காக இரவெல்லாம் வரிசையில் நிற்பவனைப் பார்த்து நான் வியக்கமாட்டேன், சிறிது வருந்துவேன். ஆயினும் இந்தப் பித்தை முற்றிலும் இகழ்ந்துவிடவும் முடியாது. 1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை காலையில் வால்ட் டிஸ்னி ஹெர்பர்ட் ரைமன் என்ற ஓவியரை அழைத்து, திங்கட்கிழமைக்குள் பூங்காவின் முழுத் தோற்றத்தையும் வரைந்து தரவேண்டும், நியூயார்க்கில் பணம் தருபவர்களிடம் காட்டவேண்டும் என்றார். நீங்கள் கூடவே இருந்தால் வரைகிறேன் என்றார் ரைமன். இருவரும் இரண்டு நாட்கள் அமர்ந்தார்கள். கோட்டை, ரயில், நதி யாவும் அந்தத் தாளில் உருப்பெற்றன. பின்னாளில் அந்தச் சித்திரம் ஓர் ஊழியர் கைக்குப் போய், அவரிடமிருந்து ஒரு சேகரிப்பாளர் கைக்கு வந்து, 2017இல் ஏலத்தில் 7 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. பித்தர்கள் பத்திரப்படுத்தியிராவிட்டால் அது எங்கே போயிருக்குமோ!

மேசைகளைக் கடந்து உள்ளே போனால் மேடை. அதில் நாலைந்து நாற்காலிகள், ஒலிபெருக்கி, ஒரு குவளைத் தண்ணீர். நரைத்த தலையுடன் பொறியாளரும் ஓவியரும் வந்து அமர்வார்கள். சபையில் இருப்பவர்களோ அந்தச் சவாரியில் ஐம்பது தடவை ஏறி இறங்கியவர்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளின் நுட்பம் திகைக்க வைக்கும். அந்த வளைவில் வண்டி ஏன் மெதுவாகிறது, அந்த ஆவி உருவம் கண்ணாடியில் எவ்வாறு தெரிகிறது, முதலில் இட்ட வர்ணம் என்ன என்றெல்லாம் கேட்பார்கள். அதற்கு விடையாகத்தான் எந்தக் காகிதத்திலும் பதிவாகாத விஷயங்கள் வெளிவரும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஹாரியட் பர்ன்ஸ் என்ற அம்மையார் 1955இல் மாதிரிகள் செய்யும் பட்டறையில் சேர்ந்தார். ஆண்களே நிறைந்த அந்தப் பட்டறையில் ரம்பமும் கடைசல் யந்திரமும் இயக்கிய முதற் பெண்மணி அவர்தாம். 1963இல் திறக்கப்பட்ட ஒரு மண்டபத்தில், பாடிப் பேசும் யந்திரப் பறவைகள் கூட்டமாக வைக்கப்பட்டன. பறவை பாடினால் மார்பு ஏறி இறங்க வேண்டும். இறகு ஒட்டிய எந்தத் துணியும் இயல்பாக அசையவில்லை. ஒரு கூட்டத்தில் வால்ட் டிஸ்னி கையை மடக்கியபோது, அவர் அணிந்திருந்த காஷ்மீர் கம்பளிச் சட்டை முழங்கையில் மடிந்து விரிந்ததை அம்மையார் கவனித்தார். அதே வகைத் துணியைப் பறவையின் மார்பில் பொருத்தினார், பறவை மூச்சுவிட்டது. இதை அவரே சொல்லித்தான் உலகம் அறிந்தது. வரைபடத்திலே துணி என்று மட்டுமே எழுதியிருக்கும்; யாருடைய முழங்கை என்று எந்த வரைபடம் கூறும்? 1992இல் கடைத்தெருச் சாளரத்தில் பெயர் பெற்ற முதல் பெண்மணி இவரே. 2008இல் காலமானார்.

இவ்வாறு பேசியோர் பலர். மோட்டார் வடிவமைப்பாளரான பாப் கர், குழந்தைகள் ஓட்டும் சிறு கார்களையும், 1959இல் ஓடத் தொடங்கிய ஒற்றைத் தண்டவாள ரயிலையும் வரைந்தவர். அதே வருஷம், சுவிட்ஸர்லாந்தின் மாட்டர்ஹார்ன் மலையை நூற்றில் ஒரு பங்காக, 147 அடி உயரத்தில் கட்டி, அதனுள் எஃகுக் குழாய்த் தண்டவாளத்தில் வண்டிகளை ஓடவிட்டார்கள். அதுவரை ரோலர் கோஸ்டர்களுக்குப் பெரும்பாலும் மரச்சட்டமும் தட்டையான இரும்புப் பட்டையும் பயன்பட்டன. குழாயை விருப்பம்போல் வளைக்கலாம் என்பதால் அத்தொழிலே மாறிற்று. ஆரோ என்ற சிறிய கம்பெனியின் பொறியாளர்களுடைய சாதனை அது. இன்று உலகெங்கும் எஃகுக் குழாயில் தலைகீழாகச் சுழலும் சவாரிகளில் அலறுவோர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள்.

நிற்க. முதியோர் சொல்வதனைத்தும் உண்மை என்று கொள்வதற்கில்லை. ஞாபகம் என்பது ஒவ்வொரு தடவையும் சிறிது மெருகேறி வரும். பூங்காவின் தோட்டங்களை அமைத்த பில் எவன்ஸ், நெடுஞ்சாலைக்காக வெட்டப்படவிருந்த மரங்களை வாங்கிவந்து நட்டார். அவர் காலத்தைப் பற்றி ஒரு கதை உலவுகிறது: காக்க வேண்டிய ஆரஞ்சு மரங்களுக்கு ஒரு நிற நாடாவும், அகற்ற வேண்டியவற்றுக்கு வேறு நிற நாடாவும் கட்டியிருந்தார்களாம், மண்வாரி யந்திரம் ஓட்டியவருக்கு நிறக்குருடு, எல்லா மரங்களையும் சாய்த்துவிட்டாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. கதை இவ்வளவு நன்றாக இருப்பதே ஆராய்ச்சி மனம் உள்ளவனுக்குச் சந்தேகத்தை உண்டாக்கும். நல்ல மாநாட்டில் இத்தகைய கதைகளைப் பழைய புகைப்படம், சம்பளப் பட்டியல், பத்திரிகைச் செய்தி ஆகியவற்றுடன் ஒத்துப் பார்க்கும் ரசிகர்கள் இருப்பார்கள். மேடையில் இருப்பவரை மரியாதையுடன் மறுத்துப் பேசவும் செய்வார்கள். தொழில்முறைச் சரித்திர ஆசிரியர்களுக்கு ராட்டினத்தில் நாட்டமில்லாத காலத்தில், தபால் குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியையும் அந்தப் பணியை மேற்கொண்டார்கள் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

இவர்களுடைய சுதந்திரத்திற்கு இன்னொரு பயனும் உண்டு. டிஸ்னி நிறுவனமே 2009 முதல் 'டி-23' என்ற பெயரில் அனஹைமில் மாபெரும் ரசிகர் விழா நடத்தத் தொடங்கியது. 23 என்பது அந்நிறுவனம் பிறந்த 1923ஐக் குறிக்கும். ஆயிரக்கணக்கானோர் கூடும் அவ்விழாவில், 1987இல் தொடங்கிய 'டிஸ்னி லெஜண்ட்ஸ்' என்னும் விருதை மேடையில் வழங்கி, பழைய கலைஞர்களைப் போற்றுகிறார்கள். அது பாராட்டத்தக்கது. ஆனால் வீட்டுக்காரர் எழுதும் குடும்ப சரித்திரத்தில் சண்டையிட்டுப் பிரிந்த தம்பியின் பெயர் இடம்பெறாது அன்றோ? ஸி. வி. வுட் என்பவர் டிஸ்னிலாந்தின் முதல் பொது மேலாளர். இடத்தேர்விலும், பணம் திரட்டியதிலும், ஒரு வருஷத்தில் கட்டி முடித்ததிலும் அவர் பங்கு பெரியது. 1956 தொடக்கத்தில் அவர் வெளியேற நேர்ந்தது. அதன் பின்னர் நீண்ட காலம் நிறுவனத்தின் சரித்திரங்களில் அவரைக் காணமுடியவில்லை. சாளரத்திலும் அவர் பெயர் இல்லை. அவர் நியூயார்க்கில் 1960இல் 'பிரீடம்லாந்து' என்ற பெரும் பூங்காவைத் திறந்தார். அமெரிக்க நாட்டின் வரைபட வடிவில் அமைந்த அது 1964இல் நொடித்து மூடப்பட்டது. அந்த நிலத்தில் பின்னர் பல்லாயிரம் குடும்பங்களுக்கான அடுக்கு வீடுகள் எழுந்தன. இவ்வாறு தோற்றுப்போன பூங்காக்களையும் மறக்கப்பட்ட மனிதர்களையும் பற்றி விவரமாகப் பேசியவர்கள் ரசிகர்களே. டில்லிவாசிகள் இந்த இடத்தில் அப்பு கரை நினைத்துக் கொள்வது இயல்பு.

செல்ல விரும்புவோர்க்குச் சில நடைமுறை வார்த்தைகள். சீட்டுகளைச் சில மாதங்களுக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். பெரிய விழாவில் முக்கிய மண்டபத்திற்கு முன்பெல்லாம் முதல் நாள் இரவே வரிசை பிடித்தார்கள். வயதானவர்களுக்கு அது உகந்ததாக இருக்கவில்லை. சிறு சங்கங்களின் கூட்டமே மேல். அங்கே மேடையிலிருந்து இறங்கி வரும் பெரியவருடன் தாழ்வாரத்தில் ஐந்து நிமிஷம் நின்று பேசலாம். கேள்வியைச் சுருக்கமாக, ஒன்றே ஒன்று கேட்பது மரியாதை. புத்தகத்தில் உள்ளதைக் கேட்பதைவிட, அன்று பட்டறையில் உங்கள் பக்கத்து மேசையில் யார் இருந்தார் என்று கேட்டால், புதியதொரு பெயர் வெளிப்படும்.

அவசரம் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். மார்ட்டி ஸ்க்லார் என்பவர் 1955இல் கல்லூரி மாணவராக இருக்கையில், பூங்கா திறப்பதற்கு ஒரு மாதம் முன்பு, அங்கே விற்பதற்கான பத்திரிகை ஒன்றைத் தயாரிக்க அமர்த்தப்பட்டார். பின்னர் படிப்படியாக உயர்ந்து, பூங்காக்களைப் படைக்கும் பிரிவு முழுவதற்கும் தலைவரானார். கற்பனை, பொறியியல் என்ற இரு ஆங்கிலச் சொற்களைக் குழைத்து 'இமாஜினியர்' என்று அப்பிரிவினரை அழைப்பார்கள். 2016இல் ஷாங்காயில் திறந்தது உட்பட, உலகிலுள்ள டிஸ்னி பூங்காக்கள் ஒவ்வொன்றின் திறப்பு விழாவிலும் இருந்தவர் அவர். 2017 ஜூலை நடுவில் நடந்த அனஹைம் விழாவில் ரசிகர்களைச் சந்தித்தார். அதே மாதம் 27ஆம் நாள் மறைந்தார். அந்த விழாவில், அடுத்த முறை கேட்டுக்கொள்ளலாம் என்று கேள்வியை மனத்திற்குள் வைத்துக்கொண்டு திரும்பியவர்களும் இருந்திருப்பார்கள்.

மாநாடு கலைந்த மறுநாள் காலை, பலர் சேர்ந்து பூங்காவிற்குள் செல்வதுண்டு. சவாரிக்கு ஓடாமல், கடைத்தெருவில் கழுத்தை நிமிர்த்தி நின்று ஒவ்வொரு சாளரமாகப் படித்துக்கொண்டு போவார்கள். அவற்றுள் ஒன்றில் 'எலையாஸ் டிஸ்னி, ஒப்பந்தக்காரர், 1895' என்று எழுதியிருக்கிறது. எலையாஸ் என்பவர் வால்ட் டிஸ்னியின் தகப்பனார். உலகின் முதல் ராட்சத ராட்டினத்தை ஜார்ஜ் பெர்ரிஸ் என்ற பொறியாளர் 264 அடி உயரத்தில் நிறுத்திக் காட்டிய 1893ஆம் வருஷத்துச் சிகாகோ பொருட்காட்சியில், எலையாஸ் தச்சு வேலை செய்தார்.